இரண்டு பேருக்கு ஒரு மேசை

அட்டுவம்பட்டி,
வியாழன் காலை.

அன்பு மகள் சுதாராணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாலு நாளாக விடாத மழை, துவைத்த துணி எதுவும் காயவில்லை. மற்றபடி சுகம்தான். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

ஞாயிறு மதியம் உன் அப்பா பாரிசிலிருந்து ரயிலேறி லியோனுக்கு வருவதாகவும், உன்னை ஓட்டலில் சாப்பிடக் கூப்பிட்டிருப்பதாகவும் சொன்னாய். பன்னிரண்டு வருடம் கழித்து அவர் முகத்தைப் பார்க்கப் போகிறாய். நீ அங்கே போய் மூன்று வாரம்தான் ஆகிறது, படிப்பும் இங்கிலீஷில். ஓட்டலில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நுழைந்ததும் முதலில் "போன்ழூர்" சொல். அந்த வணக்கம் சொல்லாமல் எதைக் கேட்டாலும் முகம் சுளிப்பார்கள். காலி மேசையைப் பார்த்து நீயாகப் போய் உட்காராதே, அவர்கள் காட்டுவார்கள். எத்தனை பேர் என்று கேட்டால் "தூ பெர்சோன்", இரண்டு பேர். கைகளை மடியில் ஒளித்துக்கொள்ளாதே, மணிக்கட்டு மேசைமேல் தெரியட்டும். ரொட்டியைக் கடிக்கக் கூடாது, பிய்த்துத் தின்ன வேண்டும். "யூன் கராஃப் தோ" என்றால் ஜாடியில் தண்ணீர் வரும்.

இதெல்லாம் குடும்ப விசாவுக்காக நான் மதுரைக்குப் போய்ப் படித்தது. பூண்டு உரித்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பேன். "துரைச்சாணியம்மா, அந்தப் பூண்டையும் பிரெஞ்சுலயே உரிச்சுப் போடுங்க" என்பாள் உன் விஜயராணி அத்தை. நானும் சிரிப்பேன். தேர்வில் தேறினேன். உன் அப்பா அனுப்ப வேண்டிய காகிதம்தான் வரவில்லை.

நீ சடங்கானபோது வருவதாகச் சொன்னார். அவருடைய அப்பா செத்தபோதும் சொன்னார். இருட்டும்வரை பிணத்தை எடுக்காமல் வைத்திருந்தோம். "இந்தத் தடவை அவரே கூப்பிட்டாரும்மா" என்கிறாய்.

ஓட்டலில் பரிமாறுகிறவர் என்ன வேண்டும் என்று கேட்க வந்தால் "ழத்தான் கெல்கன்" என்று சொல். ஒருவருக்காகக் காத்திருக்கிறேன் என்று அர்த்தம். அதற்குமேல் தொந்தரவு செய்ய மாட்டார்கள். ஆனால் நேரம் போகப் போக, எதிரே வைத்த கத்தி, முள்கரண்டி, கண்ணாடித் தம்ளர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவார்கள். அது அங்கே வழக்கம், உன்னைக் குத்திக் காட்டுவதாக நினைக்காதே. எடுக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காதே. நன்றிக்கு "மெர்சி" சொல், போதும்.

இரண்டு மணிக்கு அடுப்பை நிறுத்திவிடுவார்கள். ஒன்றரைக்கு மேல் காத்திருக்காமல் உனக்கு மட்டும் சொல்லிச் சாப்பிடு. அழுகை வந்தால் வரட்டும், பாதியில் எழுந்துவிடாதே. வெறும் வயிற்றோடு அறைக்குத் திரும்பாதே, தங்கம்.

அறைக்குப் போனதும் என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் எனக்கு எழுது. அவர் வந்தாரா என்று நான் கேட்க மாட்டேன்.

எப்போதும் உன் நினைப்பில்,
அம்மா.