டேப்பைக் கழற்றக் கூடாது

என் அன்பு வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு. போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய் என்றுதான் கடிதம்.

முதலில் என் மானம் போன கதை. போன லீவில் நீ வாங்கிக் கொடுத்த டிரில்லிங் மெஷின் மக்கர் பண்ணுகிறது என்றேன் அல்லவா? சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் வைத்து, சுவிட்சை நாலு தடவை அழுத்தி, பாருங்கள், செத்துக் கிடக்கிறது என்று கம்பீரமாகச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாக, ஐயா, பிளக் உங்கள் தோளில் தொங்குகிறது என்றாள். நான் முப்பது வருஷத் தச்சன். பின்னால் நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய.

பிளக்கைச் செருகினதும் அந்தத் துரோகி ஜோராக ஓடியது. குறை இல்லை என்று சீட்டு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவையும் அதே சீட்டு. வீட்டில் மட்டும் பாதி வேலையில் நின்றுவிடும். ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஓடும். அப்பனைப் போலவே என்கிறாள் உன் அம்மா.

பிளக் பாயின்ட்டை மாற்றிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன். கழற்றிப் பார்க்கக் கை அரித்தது. சீல் உடைந்தால் வாரண்டி போச்சு என்று அடங்கிக்கொண்டேன். கடைசியில் கடிகாரத்தை எதிரில் வைத்துத் துளை போட்டேன். பதினோராவது நிமிஷம் நின்றது. மூன்று நாளும் அப்படியே. சூடானால்தான் அதற்கு நோய் வருகிறது. அரை நிமிஷம் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

தூக்கிப் போடுங்கப்பா, வேறு அனுப்புகிறேன் என்றாய். மாட்டேன். வாரண்டி முடிய ஒன்பது நாள் இருக்கிறது. ஒரு வருஷம் என்று அச்சடித்துக் கொடுத்தவன் ஒரு வருஷம் நிற்கட்டும்.

நேற்று கனமான பலகை ஒன்றைச் சுமந்துகொண்டு போனேன். பிளக்கை முதலில் செருகிவிட்டு, கவுண்டர் எதிரிலேயே துளை போட ஆரம்பித்தேன். மேனேஜர் ஓடி வந்து, பெரியவரே, இது ஆபீஸா பட்டறையா என்றார். இரண்டு சீட்டு கொடுத்தீர்கள், பதினோரு நிமிஷம் கொடுக்க மாட்டீர்களா என்றேன். அவர் சட்டையெல்லாம் மரத்தூள். அன்றைக்குச் சிரித்த மாதிரியே ஒரு வரிசை, நேற்று நிமிஷத்தை எண்ணியது. பதினொன்றில் நின்றது. முதலில் கை தட்டினது அந்தக் கவுண்டர் பெண்தான்.

தொழிலுக்குப் பயன்படுத்தினால் வாரண்டி கிடையாது என்று மேனேஜர் ஆரம்பித்தார். கார்டை நீட்டி, எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள். நான் எட்டாவதுதான், ஆனாலும் கண்ணாடி போட்டு மூன்று முறை படித்துவிட்டேன் என்றேன். தேடினார், கிடைக்கவில்லை. உள்ளே போய்ப் புது மெஷினையே பெட்டியோடு கொண்டுவந்தார். ரிப்பேருக்கு ஒரு மாதம் ஆகும், இதை எடுத்துக்கொண்டு பழசைக் கொடுங்கள் என்றார்.

வேண்டாம் என்றேன். உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், இதேதான் திரும்பி வரவேண்டும். வரிசை என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தது. ரிப்பேர் பாரத்தில் பெரிய எழுத்தில், கைப்பிடியில் உள்ள டேப்பைக் கழற்றக் கூடாது என்று எழுதி, மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கினேன். அது திரும்பி வரும்வரை கடன் வாங்கின மெஷினில் வேலை ஓடுகிறது. கவலைப்படாதே, நன்றாக இரு. அடுத்த லீவை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.

ஏன் ஐயா இவ்வளவு பிடிவாதம் என்று அந்தப் பெண் கேட்டாள். கைக்குப் பழகின மெஷின் அம்மா என்று சொல்லி வைத்தேன். என் மடங்காத மோதிர விரலை நீ பிடித்து அளவு பார்த்து, அதற்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி கைப்பிடியில் அந்த டேப்பைச் சுற்றினதைச் சொல்லவில்லை. அதற்கப்புறம் மெஷின் ஒரு தடவைகூடக் கையை விட்டு நழுவவில்லை. அதை உன்னிடமும் நான் சொன்னதில்லை.

உன் அப்பா