தலைகீழாய்க் கவிழ்ந்த ஹெலிகாப்டர்

அன்புள்ள செரினா,

உன் முதுகுவலி தேவலையா? நான் சுகம்.

அடுத்த வாரம் ஹெலிகாப்டரில் நடுக்கடல் எண்ணெய் மேடைக்குப் போகிறேன். அதற்காக இங்கே ஜூரோங்கில் பயிற்சி. மாதிரி ஹெலிகாப்டரில் உட்காரவைத்து, நீச்சல் குளத்துக்குள் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். ஜன்னல் வழியாக வெளியே வர வேண்டும். முதல்முறை எனக்குத் திசையே தெரியவில்லை. உதவிக்கு நின்றவர்தான் இழுத்து வந்தார்.

"முதல்ல ஜன்னலைப் பிடிங்க லா, அப்புறமா பெல்ட்டைக் கழட்டுங்க," என்றார் இந்த ஊர்ப் பயிற்சியாளர் சாகுல். மறுமுறை நானே வந்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் இதைச் சொல்ல ஆளில்லாமல் தேக்கா கடைத்தெருவில் சும்மா நடந்தேன்.

கடிதத்தை, லீவில் ஊருக்கு வரும் என் அறைத்தோழன் அந்தோனியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் திரும்பும்போது உன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்துவிடு. அறையில் ஏசி ரொம்பக் குளிர்கிறது.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. சேலையைத் துவைக்க வேண்டாம்.

உன்
டாரியஸ்