வரிசையில் நின்ற மஞ்சள் செருப்பு

அன்பு மகள் நுஸ்ஹாவுக்கு வாப்பா பூஷ்தா எழுதும் கடிதம். ஸலாம். இறைவன் காவலில் நானும் உன் உம்மா மன்னானாவும் தலையும் காலும் அதனதன் இடத்தில் ஒட்டியபடி நலமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்த பெல்ஜியக் குளிரில் அவ்வாறே இருக்க வேண்டும். இனி, நம் செஃப்ரூ ஊரில் பிறந்த எவனும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று என் தாடியின் மேல் ஆணையிடுகிறேன். நீயும் நம்பாதே, ஆனால் கடைசிவரை படி.

நீ போனில் கூப்பிடும்போதெல்லாம் சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்த அழுத்தம் பாருங்கள் வாப்பா, பெரிய வாப்பா சந்தையில் சுருண்டு விழுந்து மவுத்தானது மறந்துவிட்டதா என்று நச்சரிப்பாய், நானும் காலையில் தலை பாறையாய்க் கனத்தாலும் சிங்கம் என்றைக்கடி டாக்டரிடம் போனது என்று போனை உம்மாவிடம் தள்ளிவிடுவேன். ஆனால் எனக்கு வந்த நோய் வேறு. உன் உம்மா செவ்வாய்தோறும் சர்க்கரை பார்க்கப் போகிறாள் அல்லவா, அவள் கிளம்பும் அலங்காரத்தைப் பார்த்தால் ராஜாவின் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது என்று நினைப்பாய், கண்ணில் சுர்மா, உடம்பில் பெருநாள் அங்கி. திரும்பி வந்ததும், "அந்த டாக்டர் புள்ள நான் ராத்திரி நல்லாத் தூங்குறேனான்னு கேட்டுச்சு, இந்த வீட்ல யாரு கேட்டா" என்று என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்வாள். நாற்பது வருஷம் பக்கத்தில் படுத்தவன் கேட்கவில்லையாம். எப்படிக் கேட்பேன், நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேனே.

டாக்டரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், பேரன் வயசு. ஆனால் ஒரு செவ்வாய் விடியற்காலைத் தொழுகை முடிந்து ரொட்டி வாங்கப் போனபோது நிலையத்து வாசலைப் பார்த்தேன். நீ இருந்த காலத்தைப் போலத்தான், ஆளுக்கு ஒரு பொருளை வரிசையில் வைத்து இடம் பிடித்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஒரு கல், ஒரு கூடை, உன் உம்மாவின் பச்சைக் குடம், அதை உரசிக்கொண்டு, ஊரில் பாதி ஆம்பளைகள் போடும் மாதிரி ஒற்றை மஞ்சள் தோல் செருப்பு. அடுத்த செவ்வாயும் அதே குடம், அதே செருப்பு. குளிர்காலம் முழுக்க இப்படியே. யாருடையது என்று டீக்கடை ஹம்மூவிடம் கேட்டால், "அது உங்க வூட்டம்மாவுக்குத் துணைக்கு நிக்குது" என்று பல்லைக் காட்டுகிறான். எனக்குப் புரிந்துவிட்டது. பெண்டாட்டியை இழந்த ஜீலாலி, பஸ் ஓட்டிய ஜீலாலி, கோதுமை வயல் மாதிரி மீசை வைத்த அந்த ஜீலாலிதான் அவளுக்கு அடுத்த பெஞ்சில் உட்காருபவன். பெருநாளன்று பள்ளிவாசலில் என் செருப்பில் ஒன்றைத் திருடியவனும் அவன்தான் என்று ஊருக்கே சொல்லியிருக்கிறேன். அன்று நான் விட்ட பெருமூச்சில் மலையில் பனி உருகி ஆற்றில் வெள்ளம் வந்தது.

போன செவ்வாய் இருட்டோடு போய் அந்த மஞ்சள் செருப்பை ஓர் உதை விட்டேன், அது பறந்து சாக்கடை ஓரம் விழுந்தது. அதன் இடத்தில் என் காலில் இருந்த ஷூவைக் கழற்றி வைத்து, ஒற்றைக் காலில் கொக்காய்க் காவல் நின்றேன். கோபத்தில் ஒன்றை மறந்துவிட்டேன் மகளே, வரிசையில் பொருள் வைத்தவன் நோயாளி. கதவு திறந்து நர்ஸ் ஹயாத், பச்சைக் குடம் வாங்க, அடுத்து ஷூ யாரு என்றாள். நான் சும்மா நிற்கிறேன் என்றேன். பின்னால் இருந்த கிழவிகள் விடுவார்களா, "சும்மா நிக்க இது என்ன குதிரைச் சந்தையா, உள்ள போ, இல்லாட்டி ஷூவத் தூக்கு" என்று முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிட்டார்கள். ஹயாத் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். ஊசி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இன்னொரு சுற்றுக்கு இடம் கேட்டது, மினாரில் கூடு கட்டிய நாரை பயந்து ஸ்பெயினுக்கே பறந்துவிட்டது. ஹயாத் மட்டும் சிரிக்கவில்லை. "சாச்சா, இந்த அழுத்தத்தோடயா நடந்து வந்தீங்க, அசையாமப் படுங்க" என்று டாக்டரைக் கூப்பிடப் போனாள். பெரிய வாப்பா விழுந்த இடம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது, பொய் சொல்ல வாய் வரவில்லை.

படுத்திருந்தபோது ஜீலாலி ரப்பர் பூட்ஸோடு வந்து, கழுவி எடுத்த மஞ்சள் செருப்பை உன் உம்மாவிடம் கொடுத்தான். "இந்தாங்க, வரிசையில நின்ன உங்க வீட்டுக்காரர உதைச்சுத் தள்ளிட்டாரு உங்க வீட்டுக்காரரே." குதிகாலில் நீலநூல் தையல், நான் போட்ட தையல். பெருநாளில் காணாமல் போன என் செருப்பை அவளே எடுத்து ஒளித்துவைத்திருக்கிறாள். "இத்தனை நாளா செருப்புதான் வந்துச்சு, இன்னைக்குத்தான் காலும் வந்துருக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுர்மா கன்னம்வரை வழிந்திருந்தது.

இப்போது மாத்திரை உண்டு, உப்பு இல்லை, சூப் ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. டாக்டர் என்னிடமும் நல்லாத் தூங்குறீங்களா என்று கேட்டார், அதற்கு உன் உம்மா பொறாமைப்படவில்லை, அது ஒரு வருத்தம். செவ்வாய்க் காலையில் போன் செய்யாதே, இருவரும் வீட்டில் இருக்க மாட்டோம். நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் தூக்கத்தை ஒருவர் விசாரித்துக்கொண்டு நூறாண்டு வாழ துஆ செய்கிறேன். வெள்ளம், நாரை, ஊசியின் இரண்டாம் சுற்று எல்லாம் புளுகு, ஜீலாலியின் மீசைகூடச் சுமார்தான். குளிர்காலம் முழுக்க அவள் எனக்காக இடம் பிடித்து வைத்தாளே, அந்தச் சின்ன விஷயம் மட்டும் உண்மை.

உன் வாப்பா,
மாத்திரை விழுங்கும் சிங்கம் பூஷ்தா