ஏழாம் தாளில் ஒரு கையெழுத்து

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் அப்படியே இருக்க வேண்டும். போன வாரம் போனில், அம்மா ஏன் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு உங்களிடம் கொடுத்துவிடுகிறாள், ரெண்டு பேருக்கும் சண்டையா என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லித் தப்பித்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. சண்டையும் இல்லை, போட்டிருந்தால் ரெண்டு நாளில் தீர்ந்திருக்கும். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கை அந்தப் பக்கம் போகமாட்டேன் என்கிறது, அதனால் முதலில் வீட்டுச் சேதி. குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியாயிற்று, இப்போது சொட்டுவதில்லை. உன் அறை ஜன்னல் கொக்கி உடைந்துவிட்டது, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன், நீ வருவதற்குள் மாற்றிவிடுவேன். மாடி வீட்டுக்காரர் புதிதாக ஒரு நாற்காலி வாங்கியிருக்கிறார், அதில் உட்காருவதை விடத் தரையில் இழுப்பதுதான் அதிகம். எனக்குச் சர்க்கரை போன தடவைக்கு இப்போது தேவலாம். அம்மாவின் முழங்கால் பழைய கதைதான், ஆனால் இனிமேல் நாள் முழுக்க நின்றுகொண்டு துணி மடிக்க வேண்டியதில்லை, அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தை வெள்ளிக்கிழமையோடு மூடிவிட்டார்கள். துணியெல்லாம் இனி லாரியில் ஏறி வெளியூர் கம்பெனிக்குப் போய்வருமாம்.

அங்கே அம்மாவோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். படுக்கை விரிப்பை எதிரெதிரே நின்று மடிக்கும்போது அவர்களே கட்டிப் பாடுகிற பாட்டுகளை நீயும் கேட்டிருக்கிறாய், சூப்பர்வைசரைப் பற்றி, வராத பஸ்ஸைப் பற்றி, ஜோடியைத் தொலைத்த தலையணை உறையைப் பற்றி. கூடத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போவதற்குள் ஒரே ஒரு தடவை நகர மண்டப மேடையில், மேசையும் விரிப்புமாக நின்று, அந்தப் பாட்டுகளைப் பாட வேண்டும். நகராட்சி கலை நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கிற மானியத்துக்கு விண்ணப்பம் எழுதினாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். அந்த விண்ணப்பங்கள் வந்து விழுகிற முதல் மேசை பதினெட்டு வருஷமாக என்னுடையது, ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன், நாளைக்கு யாரும் உங்களை ஒண்ணு சொல்லக்கூடாது" என்று அவளே சொல்லிவிட்டாள். அலுவலகத்துக்கு வந்து டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

பாட்டு நல்லதா கெட்டதா என்று பார்ப்பது குழுவின் வேலை. தாளெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் என் வேலை. அம்மாவின் விண்ணப்பத்தில் எல்லாம் இருந்தது, ஏழாம் தாளில் மட்டும் கையெழுத்து இல்லை. அந்த இடம் தாளின் பின்பக்கம் இருப்பதால் வருஷா வருஷம் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். விட்டவர்களுக்கு ஏழு நாள் தவணை உண்டு என்று விதி. அவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று விதி இல்லை, அது என் வழக்கம். நாடகக்காரர் விட்டால் போன் பண்ணுவேன், சிற்பி விட்டால் அவர் பட்டறைக்கே ஆள் அனுப்புவேன், இந்த வருஷம் மட்டும் ஒன்பது பேரைக் கூப்பிட்டு, வந்து ஒரு கையெழுத்து போட்டுவிட்டுப் போங்கள் என்றேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஏழு நாளும் அவளுக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கவா என்று கேட்டாள், போதும் என்றேன். வாய் வரை வந்ததா என்று நீ கேட்பாய். வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது, சொந்தப் பெண்டாட்டி என்றதும் சரிசெய்துகொண்டான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும், நாமும் சொல்லிவிட்டோமே என்று நமக்கும் உறுத்தும் என்று நினைத்தேன். எட்டாம் நாள் 'முழுமையற்றது' என்று முத்திரை குத்தி, நானே கடிதம் தட்டச்சு செய்து நம் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு இருபது நிமிஷ நடை, ஆனாலும் தபாலில்தான் அனுப்பினேன். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது பாப்பா, உன்னிடம் எதற்கு மறைப்பது.

கடிதம் வந்தது, அம்மா படித்தாள், தப்பு என்னுடையதுதான் என்று சொல்லி மடித்து வைத்துவிட்டாள். அதோடு போயிருக்கும். நாலு நாள் கழித்து, நான் கூப்பிட்ட ஒன்பது பேரில் ஒருவரான நாடகக்காரர் பஸ்ஸில் அவளைப் பார்த்திருக்கிறார். உங்க வீட்டுக்காரர் மாதிரி மனுஷன் கிடைக்க மாட்டார், நான் விட்ட கையெழுத்துக்கு அவரே மூணு தடவை போன் பண்ணினார் என்று வாயாரப் புகழ்ந்திருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள், பையை மாட்டினாள், தண்ணீர் குடித்தாள். பிறகுதான் சொன்னாள். "எனக்குச் சலுகை ஒண்ணும் வேண்டாங்க. ஊர்ல எல்லாருக்கும் பண்ணின ஒரு போனை எனக்கும் பண்ணியிருக்கலாம்." அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. அன்றிலிருந்து பால் வந்தாச்சு, கரண்ட் பில் வந்திருக்கு, இந்த மாதிரிப் பேச்சுதான். அடுத்த வருஷம் போடலாமே என்றேன் ஒரு நாள். அடுத்த வருஷம் யார் இருப்பா என்று கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். மூன்று மணிக்குக் கூடத்துக்குள்ளேயே பாடப்போகிறார்கள் என்று மருந்துக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்லியிருக்கிறாள், மாடி வீட்டுக்காரருக்குச் சொல்லியிருக்கிறாள், அவர் நாற்காலியைக்கூட விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். சொல்லாத இடத்துக்கு உள்ளே போக எனக்கு என்ன முகம் இருக்கிறது. அங்கிருந்து கேட்டால் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. நாலரை மணிக்கு அதுவும் நின்றுவிட்டது. நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். வருத்தமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன், பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது. ஆபீஸ் போகிறேன், தாள்களைத் திருப்பிப் பார்க்கிறேன், வருகிறேன். அம்மாவும் காலையில் வேலைக்குப் போகிற நேரத்துக்கே எழுந்து, குளித்து, தலை வாரிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

நீ இதைப் பற்றிப் போனில் அவளிடம் கேட்காதே, எனக்காகப் பேசவும் வேண்டாம். நான் எழுதி முடித்ததும் அடியில் அம்மா கையெழுத்துப் போடுவதுதானே நம் வீட்டு வழக்கம், போன கடிதம் அது இல்லாமலே வந்ததை நீ கவனித்திருப்பாய். அவள் போடவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தத் தடவை இதை உறையில் போடாமல் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு, இங்கே உன் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, ஏழு நாள் தவணை இருக்கிறது என்று என் வாயால் சொல்லப்போகிறேன். படித்தால் படிக்கட்டும். அதனால் இது உனக்குக் கொஞ்சம் தாமதமாக வரும், கவலைப்படாதே. வெறுங்காலோடு தரையில் நடக்காதே, காலுறை போட்டுக்கொள். மாப்பிள்ளையையும் வேளைக்குச் சாப்பிடச் சொல். வீட்டு ஒப்பந்தம் எழுதப்போவதாகச் சொன்னாயே, எந்தத் தாளானாலும் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டுக் கொடு. ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை அன்றன்றே சொல்லிக்கொண்டு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா

அம்மா. ஆறாம் நாள் போட்டது.