வாடகைக்கு வந்த வெள்ளை சோபா

என்னங்க,

சாப்பாட்டை அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். வெள்ளை சோபாவிலேயே உட்கார்ந்து தாராளமாகச் சாப்பிடுங்கள். கறை பட்டால் இனி என் தலை உருளாது.

நீங்கள் கிளம்பியதும் சோபா கடைக்காரர் ஃபோன் செய்தார். "வீடு வித்தாச்சாம்மா? வாடகைக்கு விட்ட வெள்ளைச் சாமானை எல்லாம் எப்ப வந்து எடுத்துக்கலாம்?" என்றார். பளிச்சென்று இருந்தால் வீடு சீக்கிரம் விலைபோகும் என்று புரோக்கர் சொன்னாராம்.

"வீட்டை உனக்குப் பிடிச்ச மாதிரி மாத்தியிருக்கேன்" என்று என்னிடம் சொன்னீர்களே! நானும் பூரித்துப்போய்த் திரைக்கெல்லாம் இஸ்திரி போட்டேன். ஆபீஸ் நண்பர் என்று ஒருவரைக் கூட்டி வந்தீர்கள். அவர் மனைவி என் அலமாரியை எல்லாம் திறந்து பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டீ வேறு போட்டுக் கொடுத்தேன்.

சோபாவில் பென்சிலால் கோடு போட்டாள் என்று நேற்று நம் மகளை அடித்தேனே, அதுதான் ஆறவில்லை. அவளை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன். பின்னாலேயே வந்து நிற்காதீர்கள்.

என்னிடம் இருந்த சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

பி.கு.: அந்த நண்பர் மறுபடி வந்தால், படுக்கையறையில் வெள்ளைத் திரைக்குப் பின்னால் சுவர் கசிவதைச் சொல்லிவிடுங்கள். அவர் மனைவியையாவது ஏமாற்றாதீர்கள்.