நன்றாக வேலை செய்கிறது

ஜனவரி 9, வியாழன்

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இதைப் படிக்கப் போவது நான் மட்டும்தானே. எழுத்துகள், கடல் வற்றிய நேரத்துப் படகுகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. ஒரு வரி எழுதினால் விரல் வலிக்கிறது. ஆனாலும் எல்லாம் நான் எழுதியது!

எழுபத்து நான்கு வயதில்தான் என் தாய்மொழியான டேனிஷை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மாலை வகுப்பு ஆசிரியை மெட்டெ, வீட்டில் உட்கார்ந்து ஏதாவது எழுதிப் பழகச் சொன்னாள். அதற்காகப் புது நோட்டு வாங்க டோவெ விடவில்லை. போன வருடக் காலண்டர் தாள்களைத் திருப்பி வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள். ரொட்டி வாங்கிய பையைக் கூடக் கழுவிக் கொடியில் காயப்போடும் பெண்டாட்டி.

நாளை கொட்டகைக்குப் போக வேண்டும்.

ஜனவரி 11, சனி

கொட்டகை என்றால் நகராட்சிக் குப்பைக் கிடங்கின் வாசலில் இருக்கும் மரக் கொட்டகை. தங்களுக்கு வேண்டாத நல்ல சாமான்களை ஊரார் அங்கே வைப்பார்கள், வேண்டியவர்கள் எடுத்துப் போவார்கள். காசு கிடையாது. விளக்கு, ரேடியோ, ரொட்டி வாட்டும் பெட்டி எல்லாவற்றையும் நான் பழுது பார்த்து வைப்பேன். முன்பெல்லாம் கேட்கிறவர்களிடம் வாயால் சொல்வேன். இப்போது அட்டையை வெட்டி, ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று எழுதி, நூலில் கட்டித் தொங்கவிடுகிறேன். நான் வீட்டில் தூங்கும்போதும் என் அட்டை அங்கே பேசிக்கொண்டிருக்கிறது. இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நான் சரிசெய்த சுவர்க் கடிகாரத்தை ஒருவரும் எடுக்கவில்லை. நம் பின்கட்டில் கிடந்த பழசுகளை இன்று கொட்டகையில் கொண்டுபோய் வைத்த டோவெ, திரும்பும்போது அதை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டாள். “உன் எழுத்து அழகுக்குத்தான் எடுத்தேன்னு நினைச்சுக்காத. அடுப்படிக்குக் கடிகாரம் வேணும்.”

ஜனவரி 14, செவ்வாய்

துறைமுகத் தெருவுக்குத் தீயணைப்பு வண்டி போனது. டோவெயின் சிநேகிதி கீர்ஸ்டன் வீடாம்.

ஜனவரி 15, புதன்

புதன்கிழமை என்றால் கீர்ஸ்டன் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வருவாள். இன்று நாங்கள் அவளைப் பார்க்கப் போனோம். திரைச்சீலையும் ஜன்னல் சட்டமும் கருகிப்போயிருக்கின்றன. வலது கையில் பெரிய கட்டு. கொட்டகையிலிருந்து எடுத்துவந்த ஹீட்டராம், வயரில் பொறி பறந்து திரை பற்றிக்கொண்டது.

மேஜை டிராயரிலிருந்து ஓர் அட்டையை இடது கையால் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“நல்லா வேலை செய்யுதுன்னு போட்டிருந்துச்சு ஐனர். யாரு எழுத்துன்னு ஊருக்கே தெரியும். அதான் யோசிக்காம எடுத்தேன்.”

என் எழுத்துதான். என் சாய்ந்த படகுகள்தான். நான் ஹீட்டர் எதையும் தொடவில்லை என்றேன். டோவெ வாயைத் திறக்கவில்லை.

தொடவில்லையா? நிச்சயமாகத் தொடவில்லையா? போன மாதம் அடுப்பை அணைக்க மறந்தவன்தானே நான். எழுதும் ஆசையில், சோதிக்காமலே ஒரு சாமானுக்குக் கட்டிவிட்டேனோ?

ஜனவரி 17, வெள்ளி

கொட்டகைக் கதவில் பூட்டு. மேலே ஒரு தாள். ‘மின்சாதனத்தால் நேர்ந்த விபத்தின் காரணமாக மூடப்பட்டுள்ளது. நிரந்தரமாக மூடுவது பற்றி வியாழன் கூட்டத்தில் முடிவு செய்யப்படும்.’

யார் உதவியும் இல்லாமல் நான் முழுசாகப் படித்த முதல் அறிவிப்பு இது.

ஜனவரி 18, சனி

போயிருக்கக் கூடாது. போனேன். ஊரார் பூட்டிய கதவைத் தாண்டிப் போய், நல்ல சாமான்களை எரிக்கும் குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கால் ஆடாத நாற்காலி. உறையோடு ஒரு குழந்தை மெத்தை. ஒருத்தி பூப்போட்ட தட்டுகளைக் கல்லும் ஓடும் கொட்டும் தொட்டியில் ஒவ்வொன்றாக வைத்தாள், சத்தம் கேட்கக் கூடாது என்பது போல.

கிடங்கு மேலாளன் ஃப்ளெமிங் என் பக்கத்தில் வந்து நின்றான். “நான் என்னங்க பண்றது? மேல இருந்து கேள்வி மேல கேள்வி. இனிமே சீட்டெல்லாம் கட்டாதீங்க, சரியா?”

சரி என்றேன். எழுதக் கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாமோ?

ஜனவரி 20, திங்கள்

இன்று வகுப்புக்குப் போகவில்லை. பேனா எடுக்கவே மனசில்லை. அடுப்படியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் ஓடுகிறது. இதற்கும் ஓர் அட்டை எழுதினேனே, அது எங்கே?

டோவெயிடம் கேட்டேன். கையிலிருந்த பையைப் பிழிந்துகொண்டே நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

“அந்த ஹீட்டர் எங்க அக்கா வீட்டுது. பின்கட்டுலயே கிடந்துச்சு. போட்டுப் பார்த்தேன், சூடாச்சு. கடிகாரத்துல இருந்த அட்டையை அவுத்தேன். நல்ல அட்டை, ஒரு கசங்கல் இல்ல. தூக்கிப்போட மனசு வரல ஐனர். அதுல கட்டி விட்டுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. ஐந்து நாளாக இவள் தூங்காமல் புரண்டது இதற்குத்தானா? நான் என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேனே, அதைப் பார்த்துக்கொண்டுமா சும்மா இருந்தாய்? கேட்டுவிட்டேன். கத்தியே கேட்டுவிட்டேன். “பயமா இருந்துச்சு. கீர்ஸ்டன் எனக்கு நாப்பது வருஷ சிநேகிதி” என்றாள்.

பழி என் மேலேயே இருக்கட்டும், எப்படியும் எழுத்து என்னுடையதுதானே என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

ஜனவரி 22, புதன்

கீர்ஸ்டன் வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். டோவெ முழுசாகச் சொன்னாள். கீர்ஸ்டன் கருகிய ஜன்னல் சட்டத்தை இடது கையால் தடவினாள்.

“நீ பையக் கழுவிக் காயப்போடுறப்பல்லாம் சிரிச்சிருக்கேன் டோவெ. இப்படி ஒருநாள் நீ என் வீட்டுத் திரைய எரிப்பேன்னு நினைக்கல.”

காபி போடட்டுமா என்று அவள் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை.

ஜனவரி 23, வியாழன்

கூட்டம். டோவெ எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொன்னாள். மூடிவிடுவதே நல்லது, நாளைக்கு உயிர் போனால் யார் பொறுப்பு என்று இரண்டு பேர் கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

கடைசி வரிசையிலிருந்து கீர்ஸ்டன் பேசினாள். அவள் வந்திருந்ததையே நாங்கள் பார்க்கவில்லை.

“நான் நம்பினது ஹீட்டரை இல்ல, அந்த எழுத்தை. ஆனா எது வேலை செய்யுதுன்னு அதுல இல்லையே? கடிகாரமா, கப்பலா? அதை எழுதச் சொல்லுங்க. மூட வேண்டாம்.”

கொட்டகை திறக்கும். வயர் உள்ள எதையும் ஃப்ளெமிங் முன்னால்தான் சோதிக்க வேண்டும். அட்டையில் சாமானின் பெயர், தேதி, சோதித்தவர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். சாமான் போனதும் அட்டையைக் கிழித்துவிட வேண்டும். இதைக் கேட்டதும் டோவெ முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

எத்தனை சாமான், எத்தனை பெயர்! எனக்குப் பிழையில்லாமல் எழுத வருபவை விளக்கும் ரேடியோவும்தான்.

ஜனவரி 29, புதன்

டோவெ மூன்று கோப்பை எடுத்து வைத்தாள். கீர்ஸ்டன் வரவில்லை. ஒரு கோப்பையைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

ஜனவரி 30, வியாழன்

காலையில் வாசல் கதவின் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. கழுவிக் காயவைத்த ரொட்டிப் பை. உள்ளே கீர்ஸ்டனின் பழைய காபி அரைக்கும் இயந்திரம், சுற்றாமல் நின்றுபோனது. கூடவே ஒரு தாள். கட்டுப்போட்ட கையை விட்டு இடது கையால் எழுதியிருக்கிறாள். என் எழுத்தை விட மோசமாகச் சாய்ந்து கிடந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன், டோவெக்குக் கேட்கும்படி.

‘இதைப் பாருங்கள். புதன்கிழமைக்கு வேண்டும்.’

டோவெ அந்தப் பையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இயந்திரத்தின் பெயர் நீளம், அட்டையைப் பெரிதாக வெட்டு என்றாள்.

வகுப்பில் மெட்டெயிடம் அந்தப் பெயரை எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும். இயந்திரம் அரைத்ததா இல்லையா என்று அடுத்த வாரம் இதே தாளில் எழுதுவேன். அரைக்காவிட்டால், அரைக்கவில்லை என்றுதான் எழுதுவேன்.