காது ரெண்டும் தெரியணும்

மார்ச் 4

அன்புள்ள அரைக்காதா,

நலமா? நாய் கடித்து மிச்சம் வைத்த காது நலமா? போனில் எதுவும் பேசாதே என்றாய், அதனால் எழுதுகிறேன். உனக்குக் கடிதம் எழுத எனக்கு ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது!

போலீஸைப் படம் எடுத்தால் இரண்டு வருடம் என்று கடைவாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். நீ முதன்முதலில் யூனிஃபார்ம் போட்ட படம் என் ஸ்டூடியோ கண்ணாடியில் மாட்டியிருக்கிறதே, அதற்கும் இரண்டு வருடமா என்று கேட்டேன். முறைத்தார்கள்.

சிரிக்க வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. கீழ்க்கடை டெய்லர் அண்ணனை வியாழக்கிழமை தெருவில் போட்டு அடித்தார்கள். கடையை மூடச் சொன்னதற்கு ஏன் என்று கேட்டாராம். நான் மாடி ஜன்னலில் புது லென்ஸைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கை தானாக அமுக்கிவிட்டது. இப்போது அண்ணன் உள்ளே. கத்தரிக்கோலால் போலீஸைக் குத்த வந்தார் என்று கேஸ். என் படத்தில் அவர் கையில் இருப்பது இஞ்ச் டேப்.

இதை யாரிடம் கொடுப்பது, சொல்லு. வந்தவர்கள் உன் ஸ்டேஷன் ஆட்கள்தானே? நீ வரவில்லையே?

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

யாரிடமும் கொடுக்காதே. முதலில் அதை அழி. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே. டெய்லர் நல்லவர்தான், என் கல்யாணச் சட்டையே அவர் தைத்ததுதான். அதற்காக நீ ஜெயிலுக்குப் போகணுமா? எனக்கு வேலை போனால் என் பெண்ணை யார் படிக்க வைப்பார்கள்?

நான் அன்றைக்கு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. ஸ்டேஷனில் வயர்லெஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழித்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுது.

அரைக்காதன்

மார்ச் 15

அன்புள்ள தம்பி,

டெய்லர் அண்ணனின் மனைவி வந்திருந்தார். அண்ணனுக்கு வலது கை விரல்கள் மடங்கவில்லையாம். "ஊசி பிடிக்கிற கையாப் பார்த்து மிதிச்சிருக்காங்கம்மா. பார்த்தவங்க ஒருத்தர்கூடவா இல்ல?" என்று என்னிடமே கேட்டார். நான் டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். வெட்கமாக இருந்தது.

அவர் போனதும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று பேர், மூவர் முகத்திலும் துணி. ஆனால் நான் பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைப்பவள். "காது ரெண்டும் தெரியணும்" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டவள். யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் காதுக்குத்தான் போகும். அண்ணன் கையைப் பிடித்து முறுக்குகிறவனுக்கு இடது காதில் கீழ்ப்பாதி இல்லை.

ஏன்டா பொய் சொன்னாய்?

படத்திலிருந்து உன்னை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்றுகூட உட்கார்ந்தேன். அண்ணன் கையும் டேப்பும் உன் பிடிக்குள் இருக்கின்றன. உன்னை வெட்டினால் அவர் கையும் போய்விடுகிறது.

நீயே போய் உண்மையைச் சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு முழுப் படத்தையும் வக்கீலிடம் கொடுத்துவிடுவேன்.

உன் அக்கா

மார்ச் 23

தம்பிக்கு,

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வேனில் வந்தது. நாலு பேர். கேமரா, கம்ப்யூட்டர், கண்ணாடியிலிருந்த உன் யூனிஃபார்ம் படம், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். தேடியது கிடைத்திருக்காது. அது வெள்ளிக்கிழமையே வக்கீலிடம் போய்விட்டது.

நாளை கோர்ட். படத்தை எடுத்தது நான்தான் என்று சொன்னால்தான் அது சாட்சியாம். சொன்னால் எனக்கு இரண்டு வருடமாம். சொல்லப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

வந்தவர்களில் ஒருவன் கடைசிவரை வாயே திறக்கவில்லை. முகத்தில் துணி, இடது காதில் பெரிய பிளாஸ்டர். அந்தப் பிளாஸ்டர்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தது, மக்கு.

பிரிக்கும்போது வெந்நீர் தொட்டு மெதுவாகப் பிரி. அந்தக் காதில் உனக்குத் தோல் மெலிசு.

இனி எனக்கு எழுதாதே.

ஸ்டூடியோக்காரி